பக்கத்துக் காணியின் பிளான்

ஜீவராணிக்கு வரிசையில் நிற்பது புதிதல்ல. இருபத்தேழு வருஷமாகக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே வரிசையில் நிற்பவர்கள் மற்றவர்கள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவள். குழாயில் பெயர் ஒட்டாமல் வந்தால் திருப்பி அனுப்புவாள், ஒட்டி வந்தால் அன்றைக்கே முடிவைக் கொடுப்பாள். ஒரு வேலைக்கு ஒரு முறை இருக்கும், முறைப்படி செய்தால் வேலை முடியும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அந்த அலுவலகத்தின் படியில் ஏறும்வரைக்கும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவளுடைய வீடு. சீதனமாக அவள் பெயரில் எழுதப்பட்டது. பக்கத்துக் காணியில் இருந்த வீட்டை இடித்துவிட்டு ஒன்பது மாடி எழுப்பத் தொடங்கினார்கள். முதல் மாதம் தூசி மட்டும்தான். இரண்டாம் மாதம் குசினிச் சுவரில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. ஐந்தாம் மாதம் அதற்குள் சுண்டுவிரல் போனது. தூண்களோ மதிலுக்கு ஒரு மீற்றர்கூட இடைவெளி விடாமல் நின்றன. இவ்வளவு கிட்டக் கட்ட விடமாட்டார்களே என்று அவளுக்குத் தோன்றியது. வேலையை நடத்துகிற பெடியனிடம் கேட்டபோது, எல்லாம் அனுமதி எடுத்த பிளான்படிதான் அன்ரி, வேண்டுமென்றால் ஒபிஸில் போய்ப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவள் போனாள். நான்காம் கவுண்டரில் பதினொன்றாம் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். பதினொன்றில் இருந்தவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தவர், பைல் நம்பர் இல்லாமல் பைல் தேட முடியாது என்றார். நம்பரை எங்கே எடுப்பது என்று கேட்டாள். பைலின் மட்டையில் எழுதியிருக்கும் என்றார். அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அதைத்தான் பதிலாக நினைத்துச் சொன்னார்.

வேலை நடக்கும் காணியின் வாசலில் தொங்கிய பலகையில், சீமெந்து அப்பிக்கிடந்த மூலையில், அந்த நம்பர் இருந்தது. சுரண்டிப் படமெடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை போனாள். அதற்குப் பொறுப்பான அதிகாரி புதன்கிழமைதான் பொதுமக்களைச் சந்திப்பார் என்றார்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனால், புதன்கிழமைகளில் அவர் இடம் பார்க்க வெளியே போய்விடுவார் என்றார்கள்.

"ஹெட்ட என்ன, நோனா," என்றாள் கவுண்டரில் இருந்த பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நாளைக்கு வாங்கோ. அந்த இரண்டு சொல்லை அந்தக் கட்டடத்தில் எத்தனை வாயிலிருந்து கேட்டாள் என்று ஜீவராணி கணக்கு வைக்கவில்லை.

நான்காம் தடவை அதிகாரியையே பிடித்துவிட்டாள். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஒருவருடைய பிளானை இன்னொருவருக்குக் காட்ட முடியாது, அது சொந்தக்காரருடைய சொத்து என்றார். என்னுடைய சுவர் வெடிக்கிறதே என்றாள். சுவர் வெடிப்பது வேறு பிரிவு என்றார்.

வெளியே வந்து படியில் இருந்துவிட்டாள். கண்ணீர் வரவில்லை, காது இரண்டும் சுட்டன. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் விசிறிக்குப் பதிலாகக் கடித உறையை ஆட்டிக்கொண்டிருந்தார். அலவி என்று பெயர், புறக்கோட்டையில் கடை. கடையின் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று இரண்டு வருஷமாக வந்து போகிறாராம். அவள் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும், மிஸ். தகவல் அறியும் சட்டத்துல எழுதிக் குடுங்க. பதிலையும் எழுதித்தான் தரோணும் அவங்க."

அடுத்த கிழமை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு போனாள். தகவல் அதிகாரியின் அறையில் இருந்த கிளாக்கர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இதை வாசிக்க இங்கே ஆளில்லை, சிங்களத்தில் எழுதிவாருங்கள் என்றார். எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, வாசிக்க ஆள் தேடுவது உங்கள் வேலை என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். பஸ்ஸிலும் கடையிலும் பழகிய சிங்களம். கதைக்க வரும், எழுத வராது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரும்வரை நாற்பது நிமிஷம் அந்த மேசையை விட்டு அசையவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளுடைய கணவர் ஆனந்தகிருஷ்ணன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் முப்பத்தைந்து வருஷம் விற்பனைக்கு நின்று இளைப்பாறிய மனிதர். ஆரோடும் முகம் முறிக்க மாட்டார். "விடுமன் ராணி," என்றார். "கட்டி முடிச்சிட்டுப் போயிடுவாங்கள். நீர் ஏன் அலையிறீர்?" அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் அவள் பெரிதாக எடுக்கவில்லை.

பதில் வந்தது. பைலைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. அவள் மேன்முறையீடு எழுதினாள். பக்கத்தில் ஆறாம் மாடித் தட்டுக்குக் கொங்கிறீற் போட்டார்கள். குசினியில் காலை பத்து மணிக்கே லைற் போடவேண்டி வந்தது. ஒருநாள் அவள் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்து, பைல் கிடைத்துவிட்டது, பிரதியை வந்து எடுங்கள் என்றாள். பைல் அந்த அதிகாரியின் மேசையிலேயே இருந்ததாம்.

பதினொரு பக்கம். நூறாம் நம்பர் பஸ்ஸில், கொள்ளுப்பிட்டியில் சீற் கிடைத்ததும் உறையைத் திறந்தாள். எழுத்து சிங்களம் என்றாலும் இலக்கத்துக்கு மொழி இல்லை. முதல் பிளானில் மதிலுக்கும் கட்டடத்துக்கும் இடையில் மூன்று மீற்றர் விட்டிருந்தது. கட்டுகிற இடத்திலோ ஒரு மீற்றர்கூட இல்லை. பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். பக்கம் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் திருத்திய பிளான். மூன்று மீற்றர் முக்கால் மீற்றராகியிருந்தது. எட்டாம் பக்கம் சிங்களத்தில் தட்டச்சடித்த கடிதம். அடியில் ஒரு கையெழுத்து. 'ஆ'வின் வாலைச் சுழித்துக் கீழே கோடு இழுத்த கையெழுத்து. பிள்ளையின் றிப்போட்டிலும் கலியாணப் பதிவிலும் அவள் பார்த்த அதே கோடு.

வெள்ளவத்தையில் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்வீட்டுப் பஹ்மியா சிங்கள மொழியில் படித்தவள். அவளிடம் எட்டாம் பக்கத்தை நீட்டினாள். பஹ்மியா வாசலில் நின்றபடியே வாசித்து, நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தாள்.

"ராணியக்கா, பக்கத்துக் காணிக்காரர் மதிலுக்குக் கிட்டக் கட்டுறதுக்கு வீட்டுக்காரர் எண்ட முறையில எனக்கு ஆட்சேபனை இல்ல எண்டு எழுதீக்கி," என்றாள். பிறகு மெதுவாக, "ஐயாட சைன் போல ஈக்கி," என்றாள்.

ஆனந்தகிருஷ்ணன் முன்பக்கத்தில் கறிவேப்பிலை மரத்தின் சீமெந்துத் தூசியைக் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். அவள் குழாயைப் பூட்டிவிட்டுத் தாளைக் காட்டினாள்.

"இது உங்கட சைன்தானே?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்க்கவேண்டிய தாள் அல்ல அது.

"ஓம்."

"என்ன இருக்கெண்டு தெரிஞ்சுதான் வைச்சனீங்களா?"

"கல்லு விழாமல் வலை கட்ட எங்கட பக்கம் வரவேணும், அதுக்கு எண்டு அந்த வேலைப் பெடியன் சொன்னவன். நீர் வேலைக்குப் போயிருந்தீர். சிங்களத்தில இருந்தது." அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "முப்பத்தைஞ்சு வருஷம் சிங்களத்தில யாவாரம் கதைச்சனான். வாசிக்கத் தெரியாதெண்டு அந்தப் பெடியனுக்கு எப்பிடிச் சொல்லுறது? வாசிக்கிற மாதிரி பார்த்திட்டு வைச்சிட்டன்."

"நான் லீவு போட்டு லீவு போட்டு அலையேக்க?"

"அதுவாத்தான் இருக்குமெண்டு பிறகு ஒரு பயம் வந்தது. சொல்லுவம் சொல்லுவமெண்டு இருந்தன். நீர் ஒவ்வொரு நாளும் கொதிச்சுக்கொண்டு வந்தீர்."

அவள் கத்தவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள், தனக்கு மட்டும். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அலுவலகத்தின் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொரு மணித்தியாலமும் இந்த மனிதர் வீட்டில் இருந்து, போய்வந்தீரா என்று கேட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்ததை நினைக்க நினைக்க எரிந்தது.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. வீட்டுக்காரர் எண்ட முறையில். வீடு அவருடையது அல்ல. வீட்டின் உறுதிப் பத்திரத்தில் இருப்பது அவள் பெயர் மட்டும். அந்தக் கடிதத்தை வாங்கிப் பைலில் போட்டவர்கள் உறுதியைக் கேட்கவேயில்லை. பைலைப் பார்க்க வந்த அவளிடம் நம்பர் கேட்டு அலையவிட்டவர்கள், அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வெளிக்கிடுங்கோ," என்றாள். "நீங்களும் வாறீங்கள்."

உறுதியின் பிரதியும் அவள் எழுதிய ஆட்சேபனைக் கடிதமும் கையில். பதினொன்றாம் கவுண்டரில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள். மேசையில் இருந்தவர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்து, கணவர் சம்மதித்துவிட்டுப் பிறகு மனைவி மாற்றிச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது, குடும்பப் பிரச்சினையை வீட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜீவராணி வாயைத் திறக்குமுன் ஆனந்தகிருஷ்ணன் முன்னால் வந்தார்.

"மட்ட சிங்கள கியவன்ன பே," என்றார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. துணிக்கடையில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிக் கதைத்துப் பழகிய குரல் அது. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது. வாசிக்காமல் வைத்த கையெழுத்து, அதுவும் என்னுடையதல்லாத வீட்டுக்கு, அதை நான் எழுதித் தருகிறேன் என்றார். முகம் கழுத்து வரை சிவந்துபோயிருந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மேசைக்காரர் உறுதியை எடுத்து, முதன்முறையாகப் பெயரை வாசித்தார். பிறகு முத்திரையைத் தேடினார்.

மூன்று கிழமை கழித்து இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்தார்கள். மதிலுக்கும் தூணுக்கும் இடையில் எழுபத்தொரு சென்ரிமீற்றர். வாசல் பலகையில் வேலையை நிறுத்தச் சொல்லித் தாள் ஒட்டினார்கள். பதினொரு நாள் ஒழுங்கை அமைதியாக இருந்தது. பிறகு மற்றப் பக்கத்தில் வேலை தொடங்கியது. தாள் அந்தப் பக்கத்துக்கு இல்லையாம். விசாரணையை இரண்டு முறை பின்போட்டார்கள். மூன்றாம் முறை நடந்தபோது ஒன்பதாம் மாடிக்குத் தட்டுப் போட்டாயிற்று.

முடிவும் எழுத்தில்தான் வந்தது. அவர்களுடைய பக்கம் நீட்டியிருந்த பல்கனிகளை வெட்டவேண்டும், குசினிச் சுவரைக் கட்டித் தரவேண்டும். தூண்களை இனி ஒன்றும் செய்ய முடியாது. பல்கனிகளை வெட்டினார்கள். வெடிப்பைப் பூசி வெள்ளையடித்தார்கள். ஆனந்தகிருஷ்ணன் இரண்டு நாளும் பக்கத்தில் நின்று, பூச்சு சரியில்லை என்று மேசனைத் திருப்பித் திருப்பிச் செய்யவைத்தார். ஜீவராணி அவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள், தேவையானதை மட்டும். வெளிச்சம் போனது போனதுதான். மீன் வெட்டவும் லைற் போடவேண்டும்.

பரவாயில்லை, இவ்வளவாவது கிடைத்ததே என்றாள் பஹ்மியா. ஜீவராணிக்கு அது பரவாயில்லாததாகத் தெரியவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அந்த அலுவலகத்தில் இறங்கி இன்னொரு விண்ணப்பம் கொடுத்தாள். எட்டாம் பக்கக் கடிதத்தை உறுதி பார்க்காமல் ஏற்றுக்கொண்ட அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன என்று, ஒரே கேள்வி, தமிழில். கிளாக்கர் இம்முறை மொழி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியை யாரோ வாசித்துச் சொன்னபிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பதிலுக்குப் பதினான்கு வேலைநாள் இருக்கிறது. இன்றைக்குப் பத்தாவது நாள்.