காளியப்பன் கொடுத்த வாக்கு

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டுபவன் காளியப்பன். காலை எட்டு மணி ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு ரிங் ரோட்டில் திரும்பும்போது, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து போகும் தன் மகள் தீபாவைப் பார்த்தான். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். அந்நேரத்துக்குப் பள்ளி ஆட்டோவில் இருந்திருக்க வேண்டும்.

வண்டியை ஓரங்கட்டி அவளை ஏற்றிக்கொண்டான்.

"ஏன் கண்ணு நடந்து போற?"

அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு திக்கும். அவசரப்படுத்தினால் வருகிற வார்த்தையும் வராது. காளியப்பன் பொறுத்திருந்தான். பள்ளிக்கூடச் சந்து நெருங்கிய பிறகுதான் சொன்னாள். ஆட்டோவில் கூட வரும் இரண்டு பெண்கள் தினமும் அவளை ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொல்கிறார்களாம். ஒவ்வொரு திக்கலுக்கும் தொடையில் காம்பஸ் முனையால் ஒரு குத்து.

காளியப்பன் வண்டியை நிறுத்தினான். "வா, இப்பவே உங்க ஹெட்மாஸ்டரக் கேக்கறேன்."

"பே... பேடப்பா, வேண்டாம்!" அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்கிட்ட சொன்னேன். எல்லாரையும் நிக்க வெச்சு, கை குடுங்க, ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுங்கன்னாங்க. அடுத்த நாள் இன்னும் ஜா... ஜாஸ்தி குத்துனாங்க. அம்மாகிட்டயும் சொல்லாத. ப்ராமிஸ் பண்ணு."

அந்த முகத்துக்கு முன்னால் அவனால் மறுக்க முடியவில்லை. சத்தியம் செய்தான். நடந்தே போகட்டும், ஆட்டோவை விட்டால் தொல்லை விட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

எட்டாம் நாள் மாலை தீபா வீடு திரும்பவில்லை. அவன் மனைவி லீலா அடித்துப் பிடித்துப் பள்ளிக்கு ஓடினாள். ஆறு மணிக்குக் காவலாளி கழிப்பறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை நீக்கியபோது, பிள்ளை மூலையில் குந்தியிருந்தாள். யாரையாவது கூப்பிட நினைத்தும் அவளுக்கு வாய் எழவில்லை.

வீட்டில் உடை மாற்றும்போது, தொடையில் வரிசையாகக் காய்ந்திருந்த புள்ளிகளை லீலா பார்த்தாள்.

"ஏனுங்க, இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றான் காளியப்பன், தலைநிமிராமல்.

"தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா? புள்ள பயந்து கேட்டா, நீங்களும் பயந்துக்குவீங்களா?"

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். கத்தவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் தெரியாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண்களின் பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். "பிள்ளைங்க விளையாட்டுதானே" என்று ஒருத்தியின் தந்தை சிரித்தார். தொடைக் காயங்களைச் செல்போனில் எடுத்திருந்த படத்தை லீலா நீட்டியதும் அவர் சிரிப்பு அடங்கியது. இரண்டு பெண்களையும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

தொல்லை நின்றது. தீபா அப்பாவோடு பேசுவதும் நின்றது. அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து போனாள்.

பத்து நாள் பொறுத்து, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"கண்ணு, அம்மாகிட்ட ஒத்துக்கிட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். நீ சொன்ன அன்னிக்கே ஒண்ணும் பண்ணாம விட்டனே, அதுக்குக் கேக்கறேன்."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"இனி ஏதாச்சும் நடந்தா எங்கிட்ட சொல்லுவியா?"

பேனா நின்றது. "தெ... தெரியலப்பா" என்றாள்.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்தும் போகவில்லை.