ஒன்பது இருபதுக்கு வரும் கடல்

ஊர் சுற்றத் திட்டம் போடுவதில் ரகுராமை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊர் சுற்றுவதில்தான் கொஞ்சம் பின்தங்கியவர். தொழிற்சாலையின் பிளானிங் செக்‌ஷனில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, 1999-இல் விருப்ப ஓய்வு வாங்கி பெங்களூர் ஜெயநகர் வீட்டில் உட்கார்ந்தார். அந்தமான், கேதார்நாத், கட்ச் என்று பதினோரு பயணங்கள் அவர் அலமாரியில் பைண்டு செய்யப்பட்டு நின்றன. ஒன்றுக்கும் அவர் புறப்பட்டதில்லை. கடைசி நேரத்தில் திட்டத்தில் ஓர் ஓட்டை அகப்படும். 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று மூடிவிடுவார். அகப்படாத வருடங்களில் தேடிக் கண்டுபிடித்தார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தார்.

பன்னிரண்டாவது, பாய்மரப் படகில். கப்பலில் என்ஜினியராக இருந்த பழைய சிநேகிதர், விவேக் நகர் ஓஸ்வால்ட், மங்களூரில் ஒரு படகு வைத்திருந்தார். டிசம்பரில் ஏழு நாள்: ஓஸ்வால்டும் அவர் மனைவி பியாட்ரிஸும், ரகுராமும் அவர் மனைவி ருக்குவும்.

"இந்தத் தடவையும் பேப்பரோட நின்னுதுன்னா, நான் உங்களுக்காகக் காத்துண்டிருக்க மாட்டேன்" என்று ருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அந்தக் கரையில் துறைமுகங்கள் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கின்றன. அங்கே மணல் மேடு. கடல் ஏறி நிற்கும்போதுதான் படகு உள்ளே நுழையலாம், வற்றினால் தரை தட்டும். முதல் நாள் காலை ஒன்பது இருபதுக்குக் கடல் நிறையும் என்று ஓஸ்வால்ட் போனில் சொன்னார். போதாதா? ஏழு நாளுக்கும் ஒன்பது இருபது என்றே போட்டுக்கொண்டார் ரகுராம். அவர் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்தரைக்கு டாணென்று வரும். தண்ணீருக்கு ஒரு டைம் உண்டு என்பதில் பெங்களூர்க்காரருக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

மூன்று மாதம், நாலு வண்ண மையில் அட்டவணை வளர்ந்தது. மால்பேயில் நுழைந்து உடுப்பி, கங்கொள்ளியில் இறங்கி கொல்லூர், ஹொன்னாவரில் இறங்கி ஜோக் அருவி, கடைசியில் ததடியில் நுழைந்து கோகர்ணம்.

ஒரு ஞாயிறு டிபனுக்கு வந்த ஓஸ்வால்ட் அதைப் படித்துவிட்டு, காபி புரையேறச் சிரித்தார்.

"இன்னா ரகு, கடல் இன்னா குழாய்த் தண்ணியா, டெய்லி ஒரே டைமுக்கு வர? தெனம் ஒரு அம்பது நிமிஷம் தள்ளிப் போவும்பா. ஏழாவது நாள் இந்த டைமுக்குப் போனா படகு தரையில குந்திக்கும். எறங்கித் தள்ளுவியா?"

பிளானிங் செக்‌ஷன் மானம் போயிற்று. ஆனால் ரகுராமுக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, நிம்மதி. ஓட்டை அகப்பட்டுவிட்டது!

"அடடா, அப்போ எல்லாத்தையும் மாத்தணுமே. கோவில் நடை, பஸ் டைம் எல்லாம் இடிக்கும். அடுத்த வருஷம்..." குரலில் சோகத்தைக் கொண்டுவந்துவிட்டார். முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

ருக்கு டம்ளரைக் கீழே வைத்தாள். மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்குப் பட்டினி கிடந்து, நிலாவைப் பார்த்த பிறகு சாப்பிடுகிறவள்.

"கடல் நிலாவோட போறதுதானே, ஓஸ்வால்ட்? பௌர்ணமிக்கு ஆறு மணிக்கு வர நிலா, சதுர்த்திக்கு ஒம்பதாக்கிடும். பசியோட மொட்டை மாடில நிக்கறவளுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?"

பென்சிலை எடுத்து எழுதினாள்: ஒன்பது இருபது, பத்து பத்து, பதினொன்று... ஏழாம் நாள் இரண்டு இருபது. அவருடைய மூன்று மாதம் அவளுக்கு மூன்று நிமிடம்.

"கொல்லூர்ல நடை சாத்தியிருப்பாளே?" என்றார் ரகுராம், விடாமல்.

"சாத்தட்டும். படகுல போகத்தானே போறோம்?"

அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். "ருக்கு, எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும்."

"கடல்னா பயம்."

"அதுவும் தெரியும். கேதார்நாத்னா குளிர், அந்தமான்னா ஏரோப்ளேன். பதினோரு தடவை பரண்லேர்ந்து பெட்டிய எறக்கி, மறுபடி ஏத்தினவ நான்தானே."

அந்தப் பெட்டியை ரகுராம் ஒரு திட்டத்திலும் சேர்த்ததில்லை.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து மங்களூர் பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ஒன்றுதான் இருந்தது.

"உங்களுக்கு எடுக்கலை. வரதானா நீங்களே எடுத்துக்கோங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள்.

கூடத்துக்கு வந்து அட்டவணையின் கடைசித் தாளைப் புரட்டினார். பயணிகள்: ஓஸ்வால்ட், பியாட்ரிஸ், ருக்கு. நாலாவது வரி காலி. மூன்று மாதத்தில் நாலு வண்ணத்தில் எதை எதையோ எழுதிய கை, அதை மட்டும் எழுதவில்லை. கீழே எடுத்துப்போக வேண்டிய சாமான்கள்: டார்ச் 2, குடை 3, மாகாளிக் கிழங்கு ஊறுகாய் 1.

பேனாவைத் திறந்தார். பயணிகள் வரிசையில் எழுத இன்னும் தைரியம் வரவில்லை. ஊறுகாய்க்குக் கீழே 'ரகுராம் 1' என்று எழுதினார். பிறகு, பஸ் நேரத்தைக்கூடப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்கக் கிளம்பினார்.