அங்காளம்மாள் கேட்டது

தலையசைத்தாள் என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யில்லை. அசைத்தாள்தானே. எதற்கு அசைத்தாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

பியூலா இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் சாலமன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மாடம்பாக்கத்தில், இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்புகிறவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் அது. மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள். ஏழாவது கட்டிலில் இருந்த அங்காளம்மாள் காலை பத்தரை மணிக்கு இறந்துபோயிருந்தாள். கடைசி ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்தது பியூலா மட்டும்தான்.

"அந்தம்மாவோட மகன் குணா படப்பையிலருந்து கிளம்பிட்டாராம் சிஸ்டர். அரை மணி நேரத்துல வந்துடுவார்," என்றார் பாஸ்டர். மடியில் ஒரு தாளை வைத்திருந்தார். அங்காளம்மாள் மரணத்துக்கு முன் இயேசுவை ஏற்றுக்கொண்டதாக அறிக்கையிட்டாள், அதற்கு நான் சாட்சி என்று அதில் நான்கு வரிகள். கீழே பியூலாவின் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அங்காளம்மாளின் மகள் வெண்ணிலா கல்யாணமானபின் பாஸ்டரின் சபையில் சேர்ந்தவள். தன் அம்மாவைச் சபைக் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாள். அண்ணன் குணா, ஊரில் அப்பாவை வைத்த இடத்துக்கே அம்மாவும் போகட்டும் என்றான். போனிலேயே சண்டை. கடைசியில் அவன்தான் அதைச் சொன்னான். "அம்மாவே வாயத் தொறந்து கேட்டுச்சுன்னா சரி. அந்தப் பியூலாக்கா சொல்லட்டும். அது சும்மா பேசற ஆளு இல்ல."

அந்த நம்பிக்கைதான் இப்போது பியூலாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மின்வாரிய அலுவலகக் கவுண்ட்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள் அவள். கம்பிக்கு அந்தப்பக்கம் நீளும் கைகளைப் பார்த்திருக்கிறாளே தவிர, முகங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற மறு வருடம் கணவர் லாசரஸ் ஐசியூவில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம், யாரும் தொடாமல் போய்ச் சேர்ந்தார். அதன்பின் எட்டு மாதம் காலையில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தெரியாமலே எழுந்தாள். ஒரு நாள் சபைப் பெண்களோடு இங்கே பாட்டுப் பாட வந்தாள். அவர்கள் பாடி முடித்துப் போய்விட்டார்கள். மறுநாள் இவள் மட்டும் தனியாக வந்தாள். ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறாள். வாய் துடைப்பாள், கால் பிடித்துவிடுவாள், சத்தமில்லாமல் ஜெபிப்பாள். தேவன் தன்னை இவ்வளவு காலம் விட்டுவைத்தது இதற்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

சபையின் கடிதம் உள்ளவர்களைத்தான் இல்லம் தொண்டு செய்ய உள்ளே விடும். கடிதத்தை ஆண்டுதோறும் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஜெபம் பண்ணீங்க இல்ல?"

"பண்ணேன்."

"அந்தம்மா ஏதாவது பதில் காட்டினாங்களா? ஒரு சைகை? கண்ணசைவு?"

"தலையசைச்சாங்க."

சொல்லிவிட்டாள். பாஸ்டரின் முகம் தளர்ந்து மலர்ந்தது. "ஸ்தோத்திரம்," என்றார் மெதுவாக. நடிப்பில்லை. ஓர் ஆத்துமா கரையேறியது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பியூலா பார்வையைத் தாளுக்குத் தாழ்த்தினாள். ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்தியதற்கே இவ்வளவு மகிழ்ச்சியா?

திரைக்குப் பின்னாலிருந்து வெண்ணிலா வந்தாள். தரையில் உட்கார்ந்து பியூலாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நான் எட்டு வருஷமா ஒரே ஜெபம்தான். அம்மா இரட்சிக்கப்படணும். கையெழுத்து போட்டுடுங்க ஆன்ட்டி. இல்லன்னா நான் பரலோகம் போய் அம்மாவத் தேடினா இருக்க மாட்டாங்களே."

பியூலா அவள் தலையில் கை வைத்தாள். லாசரஸைப் பற்றி இதே கேள்வியை, வேறு மாதிரி, அவளும் இரவுகளில் கேட்டிருக்கிறாள். கடைசி நேரத்தில் அவர் எதை நினைத்தார்? யாரை அழைத்தார்? யாராவது ஒருவர் வந்து, உன் பெயரைச் சொன்னார் என்று சொல்லியிருந்தால் அது உண்மையா என்று விசாரித்திருப்பாளா? மாட்டாள். அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

காலையில் நடந்தது இதுதான். அங்காளம்மாள் கண்ணைத் திறந்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் நாற்பது வருடம் மீன் விற்ற குரல் உள்ளுக்குப் போயிருந்தது. முந்தானை முடிச்சைக் காட்டினாள். பியூலா அவிழ்த்தபோது ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே அம்மன் கோயில் திருநீறு.

"வெச்சு வுடும்மா. கை தூக்க முடியல."

பியூலா தயங்கினாள். அதைக் கிழவி பார்த்துவிட்டாள்.

"இன்னா, உன் சாமி கோச்சிக்குமா? கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன். நான்தானே மின்னாடி போறேன்."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் அங்காளம்மாள் தலையசைத்தாள். பியூலா ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் பூசினாள். பூசும்போது உதடுகள் இயேசுவே, இயேசுவே என்று முணுமுணுத்தன. தன் வாழ்நாளில் அவ்வளவு முழு மனதோடு ஜெபித்ததாக நினைவில்லை. பிறகு நர்ஸ் வந்து முகத்தைத் துடைத்ததில் நெற்றியில் ஒன்றும் மிஞ்சவில்லை. பார்த்த கண் வேறு கிடையாது.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. குணா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். திரையை விலக்கிப் பார்த்தான். வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பினான்.

"சொல்லுக்கா. அம்மா இன்னா கேட்டுச்சு?"

பாஸ்டர் தாளையும் பேனாவையும் பியூலாவின் மடியில் வைத்தார். "தலையசைச்சு ஏத்துக்கிட்டாங்க தம்பி. சிஸ்டர் இப்பதான் சொன்னாங்க."

குணா பாஸ்டரைப் பார்க்கவில்லை. "உன்னைக் கேக்கறேன்க்கா. நீ சொன்னா அப்பால நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். அது கேட்டதைச் செஞ்சிடலாம்."

வெண்ணிலாவின் விரல்கள் முழங்காலில் இறுகின. பியூலா அந்த விரல்களின்மேல் தன் கையை வைத்தாள்.

"திருநீறு கேட்டாங்க," என்றாள். "முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. நான்தான் பூசிவிட்டேன். பூசட்டுமான்னு கேட்டதுக்குத்தான் தலையசைச்சாங்க. வேற எதுவும் கேக்கல."

குணா ஹெல்மெட்டைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். வெண்ணிலாவின் கை முழங்காலிலிருந்து நழுவியது. அவள் அழவில்லை. எழுந்து, பியூலாவைப் பார்க்காமல், அம்மாவிடம் போனாள். அண்ணனும் பின்னால் போனான்.

அவள் அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பியூலாவுக்குத் தோன்றியது.

பாஸ்டர் நாற்காலியை நெருக்கமாக இழுத்தார். குரலில் கோபம் இல்லை. "உங்க கையாலயா சிஸ்டர்?"

"என் கையாலதான்."

"சபை மூப்பர்கள் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? வர்ற மாசம் கடிதம் புதுப்பிக்கணும். இங்க உங்களை விட்டா வர ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மனசு இளகி செஞ்சிட்டீங்க. மனுஷங்கதானே. பலவீனத்துல தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடும் ஆண்டவரேன்னு ஒரு வரி. இங்கயே ஜெபம் பண்ணி முடிச்சிடலாம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஒரு வரிதான். ஆறு வருடத்தை, நாளைக் காலையை, மூன்றாம் கட்டிலில் இவளுக்காகவே சாப்பிடாமல் காத்திருக்கும் மனுஷியை அந்த ஒரு வரி காப்பாற்றிவிடும். தப்பு என்று சொல்ல முடியுமா? உள்ளே தேடிப்பார்த்தாள். பயம் இருந்தது. வெண்ணிலாவுக்காக வலி இருந்தது. குற்றம் மட்டும் எங்கேயும் இல்லை.

பாஸ்டர் கண்களை மூடித் தலைகுனிந்தார். அவள் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்.

பியூலா கண்களை மூடவில்லை.

"நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்," என்றாள் தணிந்த குரலில். "நான் அந்த வரியைச் சொல்ல மாட்டேன்."