நெடுவானின் இன்ஜினியர்

சாமுண்டீஸ்வரி முடிச்சூர் மெயின் ரோட்டில் மாவு மில் வைத்திருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் நாற்பதை நெருங்கியவர்கள் யாரைக் கேட்டாலும் மாவு அரைப்பவள் என்று சொல்ல மாட்டார்கள், விண்கப்பலைக் காப்பாற்றினவள் என்பார்கள். சிரிக்காதீர்கள். தொண்ணூற்றாறில் ஞாயிறு தவறாமல் டி.வி.யில் வந்த 'நெடுவான்' தொடரில் இன்ஜினியர் அல்லியாக வந்தது இவள்தான்.

அவள் நடிக்க வந்ததே ஒரு கூத்து. அவள் அப்பாவின் பழைய ரைஸ் மில் கொட்டகையைத்தான் விண்கப்பலாக்கியிருந்தார்கள். தெர்மாகோல் சுவர், அலுமினியப் பெயின்ட், டேப் ரிக்கார்டரிலிருந்து பிடுங்கிய பட்டன்கள், அவ்வளவுதான் கப்பல். அல்லியாக நடிக்க வந்த பெண் தவிட்டுப் புழுதியில் தும்மித் தும்மி முதல் நாளே ஊருக்குப் போய்விட்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மில்காரர் மகளுக்கு உடுப்பை மாட்டிவிட்டார்கள்.

கப்பல் விழப்போகும் காட்சி. 'வழி இருக்கிறது, தலைவரே' என்பது வசனம். ழகரத்துக்கு நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று உதவி இயக்குநர் அரை நாள் தன் வாயைத் திறந்து திறந்து காட்டினார், பாவம். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கேமரா ஓடும்போது தெர்மாகோல் சுவர் நிஜமாகவே சரிந்தது. தலைவராக நடித்தவர் விறைத்துப்போய் நின்றார். சாமுண்டி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வயி கீது சார், வாங்க."

மறுபடி எடுக்கச் சுவர் இல்லை, அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். ஊரே பிடித்துக்கொண்டது. அதன் பிறகு இருபத்தாறு வாரமும் அல்லி முடிச்சூர்ப் பேச்சிலேயே கப்பலை ஓட்டினாள், எந்தத் தமிழ்ப் புலவரும் செத்துப்போய்விடவில்லை.

தொடர் முடிந்ததும் சினிமாக் கம்பெனிகள் கூப்பிட்டன. எதற்கு? குழாயடிச் சண்டைக்கு, ரவுடியின் தங்கைக்கு, கதாநாயகனிடம் அறை வாங்கும் மீன்காரிக்கு. விண்கப்பல் ஓட்டின வாய்க்கு அவர்கள் வைத்திருந்த விலை அதுதான். ஒன்றுக்கும் போகவில்லை அவள். இன்னொரு அல்லி வருவாள் என்று காத்திருந்தாள். வந்தது மாவு மில்தான்.

இப்போது ஒரு ஓடிடி கம்பெனி 'நெடுவானை'த் திரும்ப எடுக்கிறது. புது இயக்குநர் ஸ்ரீவித்யா, முப்பது வயதுகூட இருக்காது, போன் செய்து, உங்கள் வசனம் திரும்ப வருகிறது, நீங்கள்தான் குரல் கொடுக்க வேண்டும் என்றாள். யாருக்குக் குரல் என்று சாமுண்டி கேட்கவே இல்லை. கேட்பானேன்? அந்த வசனம் அல்லியுடையதுதானே. முதல் பகுதியை ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டும் விழாவில் மேடையிலேயே ஒப்பந்தம் என்றார்கள். அவள் தலைக்கு டை அடித்துக்கொண்டாள். பட்டுப்புடவையை இஸ்திரி போடக் கொடுத்தாள். அந்த வாரம் அரைத்த மிளகாய்த்தூளில் பாதி சரியாகவே இல்லை என்று தெருவில் பேச்சு.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முந்நூறு பேருக்குக் குறையாது. முக்கால்வாசிப் பேர் மார்பில் 'வயி கீது' என்று அச்சடித்த பனியன். ரசிகர் குழுவை நடத்தும் எலியேசர், சிட்லபாக்கத்துக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, அவளை முதல் வரிசையில் உட்காரவைத்து ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார். படம் ஓட ஆரம்பித்ததுமே சண்டை. கப்பல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு கூட்டம், பழைய இசையைத் தொட யார் சொன்னது என்று இன்னொரு கூட்டம். அழுதவர்களும் இருந்தார்கள். பெற்ற பிள்ளை ஊரிலிருந்து வந்ததும் இளைத்துவிட்டானே என்று திட்டுவது மாதிரியான சண்டை அது.

அல்லி வந்தாள். புதுப் பெண், அழகான பெண், சுத்தமான ழகரம். சாமுண்டிக்குச் சுருக்கென்றது. சரி, குரல்தானே நம்முடையது, அப்புறம் மாற்றுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கப்பல் விழத் தொடங்கியது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ரோபோ தலையை நீட்டியது. பெயர் பொட்டி. தரை பெருக்கும், பேட்டரி திருடும், பயந்தால் அடுத்தவர் காலுக்குப் பின்னால் ஒளியும். "வயி கீது சார்" என்றது. சொல்லிவிட்டு மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டது.

மண்டபம் குலுங்கியது. விசில் பறந்தது. எலியேசரும்தான் கைதட்டினார்.

சாமுண்டிக்கு அவமானமாக இருந்தது. இருபத்தொன்பது வருஷம் காத்திருந்து திருட்டுப் பொட்டிக்குக் குரலா? அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல கோபம்.

விளக்கு போட்டதும் மேடைக்கு அழைத்தார்கள். பொட்டியின் குரல் இனி இவர்தான் என்று ஸ்ரீவித்யா அறிவித்து ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லும்படி கூட்டம் கெஞ்சியது. சாமுண்டி தாளோடு மைக்கையும் வாங்கினாள்.

"நான் பொட்டிக்குப் பேச மாட்டேன்."

அதற்கும் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு என்று ஆகிவிட்டதே! அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"எலியேசர் தம்பி, அன்னிக்கு டி.வி.ல நான் இத்த சொன்னப்ப நீ சிரிச்சியா?"

எலியேசர் எழுந்தார். தொடர் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது.

"இல்லக்கா. எல்லாரும் சாகப்போறாங்கன்னு பயந்து கண்ணை மூடிட்டேன். உங்க குரல் கேட்டுத்தான் திறந்தேன்."

ஸ்ரீவித்யாவின் முகம் சுருங்கியது. கெட்ட பெண் இல்லை அவள், பாசத்தில்தான் செய்திருந்தாள். பொட்டி எல்லாருக்கும் செல்லம், இது உங்களுக்குச் செய்யும் மரியாதை மேடம் என்றாள். கதைப்படி புது அல்லி டாக்டர் பட்டம் வாங்கினவள், அவள் இப்படிப் பேசினால் ஜனம் நம்பாது, அதுதான் சிக்கல் என்றும் சொன்னாள்.

நம்பாதா! மில் மோட்டாரை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருக்கிறாள்! சாமுண்டி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்ஜின் நின்னு பூட்ச்சு. யாரும் அத்த தொடாதீங்க, சூடு எறங்கட்டும். அப்பால காத வெச்சுக் கேளுங்க. சரசரன்னு சத்தம் வந்தா பேரிங் போயிகீது. சத்தமே இல்லன்னா உள்ள தண்ணி பூந்துகீது. அப்ப சுவிச்சப் போட்டா அத்தினி பேரும் காலி. கயட்டணும், தொடைக்கணும், காய வெக்கணும். ரெண்டு மணி நேரம் ஆவும். கப்பல் கீய வுயறதுக்கு மூணு மணி நேரம் கீது. பதினோரு பேர் கீறோம். நான் சொல்றத செஞ்சா ஒர்த்தரும் சாவ மாட்டோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை, அப்பா, தண்ணி போயிடுமா என்று கேட்டது. அதன் அப்பா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவித்யா கிட்டே வந்தாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

"மேடம், இப்ப பேசினதை அப்படியே எழுதித் தர முடியுமா? அல்லியைப் பேச வைக்கிறேன். ப்ராமிஸ்."

சாமுண்டி அந்த ஒப்பந்தத் தாளை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எய்தி குட்தா அந்தப் பொண்ணு ஒப்பிக்கும்மா. கப்பல்ல எனக்கு ஒரு எடம் போடு. அப்பால கையெய்த்து போட்றேன்."