மேலே போன பந்து

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. வாலிப வயதில் அங்கே நான் அடித்த பந்து ஒன்று மேலே போனது. இன்னும் கீழே வரவில்லை. அன்று என்னோடு ஆடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இதற்குச் சாட்சி நான் ஒருவன்தான். மைதானத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். காற்று, வெளிச்சம், குழந்தைகள் என்று காரணங்கள். நானும் கொடுத்தேன்: பந்து திரும்பி வந்து எவர் மொட்டைமாடியை உடைத்தாலும் நான் பொறுப்பல்ல.

பக்கத்து வீட்டு டிரைவர் மட்டும் எழுதவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.

"என்னன்னு எழுதுறது அண்ணே? எழுதினா சிரிப்பாங்க."

சங்கதி இதுதான். அவர் மனைவிக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு அடுப்பையே மறந்தார், பிறகு புருஷனை. சோறு ஊட்டிவிடுகிற மனிதரிடம், "சார், நேரமாச்சு. உங்க வீட்டுல தேடுவாங்க, கிளம்புங்க" என்பார். டிரைவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போய், பின்கதவு வழியாக உள்ளே வருவார்.

ஆனால் சாயங்காலம் மைதானத்து மூலையில், இறகுப்பந்து ஆடும் இடத்தில் அந்த அம்மாவை நிறுத்தி மட்டையைக் கையில் கொடுத்தால் போதும். அவர்கள் இருவரும் பழகியதே அந்த வலைக்கு இருபுறமும் நின்றுதான். டிரைவர் அடித்தது வலையில் சிக்கியதும் சத்தம் வரும்.

"ஏங்க! கண்ணை முதுகுலயா வச்சிருக்கீங்க? இந்த லட்சணத்துல பஸ்ஸு வேற!"

அந்த 'ஏங்க'வுக்காகவே டிரைவர் தினமும் வலையில் அடித்தார். அவ்வளவு கவனமாகத் தப்பாக ஆடிய மனிதரை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்புக்குத் தலைமை பல் டாக்டரம்மா. குழியைக் கண்டால் அடைக்காமல் தூக்கம் வராத தொழில்.

"இடம் புதர் மண்டிக் கெடக்கு, யாரும் போறதில்லைன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். அதிகாரி வந்து பாக்குற அன்னிக்கு எப்படி இருக்கணும் தெரியுமா? பளிச்னு இருக்கணும்!"

குடியிருப்பே இறங்கியது. புதரை வெட்டினோம். மேட்டைச் செதுக்கினோம். பள்ளங்களை டாக்டரம்மா பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் அடைக்க வைத்தார். உருளையை இழுத்தது நான். இழுத்த வேகத்தில் பூமியும் கொஞ்சம் சேர்ந்து சுற்றி, அன்று சீக்கிரமே இருட்டிவிட்டது.

அதிகாரி வந்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். காலால் தட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்மா. கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க" என்றார். டாக்டரம்மா பூரித்துப்போனார். நாங்கள் கைதட்டினோம்.

பிறகு உத்தரவு வந்தது. மேடுபள்ளமாக இருந்து தண்ணீர் தேங்குவதால் முன்பு ஒருமுறை மறுக்கப்பட்ட திட்டமாம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்போது நிலம் முழுக்கச் சமமாகிவிட்டதால் அனுமதி என்றிருந்தது.

"நாமளே அடைச்சுக் குடுத்துட்டோமே பெரியப்பா" என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை.

மைதானத்தைச் சுற்றித் தகரம் எழும்பியது. டிரைவர் வீட்டு முன் தெருவில் சாக்பீஸால் கோடு போட்டார். துணி காயப்போடும் கயிற்றை வலையாகக் கட்டினார். மனைவி கையில் மட்டையைக் கொடுத்து, எதிரே நின்று அடித்தார். இறகுப்பந்து அந்த அம்மாவின் காலடியில் விழுந்தது. அதைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மட்டையை எடுத்துப்போய்ப் பதமாகக் கயிற்றில் தொங்கவிட்டார்.

"காயட்டும்" என்றார்.

டிரைவர் வேண்டுமென்றே கயிற்றுக்குக் கீழே அடித்துப் பார்த்தார். திட்டு வரவில்லை. குனிந்து எடுத்து மறுபடி அடித்தார். அதற்கும் வரவில்லை.

அந்த அம்மா என்னிடம் வந்து, "இந்த சார் யாருண்ணா? வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரே, பாவம்" என்றார்.

"இவரா? பெரிய ஆளும்மா. நான் அடிச்ச பந்து ஒண்ணு மேலே போயிடுச்சு. அதைப் பிடிக்க பஸ்ஸை மேகத்துக்குள்ள விட்டாரு, சனங்களோட. நடு வானத்துல ஒரு தாத்தா இறங்கணும்னாரு, அங்கயும் நிறுத்தி இறக்கிவிட்டாரு."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பந்து கெடச்சுதா?"

"தேடிக்கிட்டுத்தாம்மா இருக்காரு."

டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரைக் கட்டிக்கிட்டவ குடுத்து வச்சவ" என்றார்.

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அண்ணே, நாளைக்கும் அதையே சொல்லுங்க" என்றார்.

தினமும் சொல்கிறேன். சொன்ன கதையை மாற்றாமல் திரும்பச் சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்த அம்மா தினமும் புதிதாகச் சிரிக்கிறார். அந்த 'குடுத்து வச்சவ'வை மட்டும் சில நாள் சொல்வார், சில நாள் சொல்லாமலே உள்ளே போய்விடுவார். அப்போதும் டிரைவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேயிருப்பார்.