ஃபில்டர் போட்டால் தெரியும் முதுகு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் நண்பன் ஒருவனின் அலட்டலிலிருந்து பிறந்தது. ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கியிருந்தான். அதில் கண் வைத்துப் பார்க்கும் வேலையே இல்லை. அதுவே வானத்தில் தேடிப் பிடித்து, சில விநாடிப் படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்போனுக்கு அனுப்பிவிடும். நகரத்து நடுவிலிருந்து எடுத்த நெபுலா ஒன்றை, அதாவது விண்வெளி ஒளிமேகத்தை, காட்டினான். வாயைப் பிளந்தேன்.

"ஃபில்டர் போட்டா தெருவிளக்கெல்லாம் காணாமப் போயிடும்டா. நெபுலாவோட வெளிச்சம் மட்டும்தான் உள்ள வரும்" என்றான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே குடைச்சல். வேறு எதெல்லாம் உள்ளே வரும்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானம் மை பூசியதுபோல்" — அடித்துவிட்டேன். நகரத்து வானம் என்றைக்குக் கறுத்தது? அடுத்து, "தம்பி காணாமல் போனபின் அக்கா" என்று ஒரு பாதி வாக்கியம். இதில் உயிர் இருந்தது, விட்டுவைத்தேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே குரல்தான். தம்பி டெலஸ்கோப் பைத்தியம். ஒரு சாயங்காலம் "இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் வரவேயில்லை. (எங்கே போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தால் அவன் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பேனா?)

அம்மா அன்றிலிருந்து வாசற்கதவைத் தாழிடுவதில்லை. அந்தத் தாழ்ப்பாளும் லேசில் விழாது. தோளால் கதவை ஓர் இடி இடித்துத்தான் போட வேண்டும். வீட்டில் அப்படி இடித்துப் போடுகிறவன் தம்பி மட்டுமே.

3

தம்பி விட்டுப்போன ஸ்மார்ட் டெலஸ்கோப்பை அக்கா ஏன் கையில் எடுத்தாள்? முதல் பிரதியில் "தம்பியின் நினைவாக" என்று எழுதியிருந்தேன். சுத்தப் பொய். சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், வந்ததும் காட்டுக்கத்தல் கத்துவான் என்ற பயம்தான்.

இருட்டியதும் மொட்டை மாடியில் வைத்தாள். மேற்கே, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே, ஓரியன் நெபுலா. முதல் நாள் ஃபில்டர் போட மறந்துவிட்டாள். படம் முழுக்கத் தெருவிளக்கின் மஞ்சள். மறுநாள் போட்டாள். மஞ்சள் போய் நெபுலா சிவப்பாக விரிந்தது. அதன் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள்.

எதிர்வீட்டுக்காரர் தொட்டிமேல் ஏறியிருப்பார் என்று நினைப்பீர்கள். நானாக இருந்தால் அப்படியே நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அவள் விடவில்லை. அசைந்தால் படம் கலங்கும் என்பது அவளுக்குச் சோறு போடும் பாடம்.* டெலஸ்கோப் நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து நகர்கிறது. அதனால் நின்ற இடத்தில் நிற்கும் தொட்டி படத்தில் இழுபட்டுக் கலங்கியிருந்தது. ஆள் மட்டும் துல்லியம். அப்படியென்றால் அவன் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறான். அதுவும் ஃபில்டர் உள்ளே விடுகிற அந்தச் சிவப்பில் ஒளிர்ந்தபடி. அவள் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

*இந்த விளக்கத்தை வெட்டச் சொன்னாள் என் மனைவி. போரடிக்கிறதாம். விளங்கினால்தானே பயம் வரும்?

4

அடுத்த சாயங்காலம் அதே படத்தின்மேல் இன்னும் கொஞ்ச நேரப் படங்களைச் சேர்த்தாள். ஆள் தெளிந்தான். தோள் லேசாகத் திரும்பியிருந்தது. அதற்கும் அடுத்த நாள் ஒரு காது. தம்பியின் காதா? காதை வைத்து யாரென்று சொல்வது! நெபுலாவோ நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வந்தது. இன்றைக்கு விட்டால் அந்தி வெளிச்சத்தில் கரைந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் தலைகாட்டாது.

அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டிருந்த அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"வேணாம்டி. விட்டுடு."

"இன்னிக்கு விட்டா முகம் தெரியாதும்மா."

"தெரியவே வேணாம். இப்போ கதவைத் தாழ் போடாம வெச்சிருக்கேன். அது அவன்தான்னு ஆயிடுச்சுன்னா நான் தாழ் போடணுமேடி."

"என்னால முடியலம்மா. அவன் வயசுப் பசங்களை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தா, எலும்பைப் பார்க்கறதுக்கு முன்னாடி முகத்தைப் பார்க்கறேன். தினமும் பார்க்கறேன்."

சொல்லிவிட்டு அழுதாள்.

(இரண்டாம் பிரதியில் அம்மாவை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், கதை சுருங்குமே என்று. அசைந்து கொடுக்கவில்லை. மகன் வரும்போது வீட்டில் ஆள் வேண்டாமா?)

5

முடிவுகள்.

அ) முகம் தம்பியுடையது. அம்மா இறங்கிப் போய்க் கதவை — எழுதினேன், கிழித்தேன். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஆ) முகம் வேறு யாருடையதோ. அக்கா நிம்மதியாக — என்ன நிம்மதி? அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாளே.

இ) அம்மா ஃபில்டரைப் பிடுங்கி எறிகிறாள். தெருவிளக்கின் மஞ்சள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இதுதான் சரியென்று பட்டது. அம்மா கையை நீட்டுவதுவரை எழுதியும்விட்டேன்.

அப்போது கீழே ஓர் இடி. கதவில் தோள் மோதும் சத்தம். தொடர்ந்து தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கமாக.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேரும் மாடியில். அந்தச் சத்தத்தை நான் எழுதவில்லை. என் எந்தப் பிரதியிலும் அது இல்லை.

செல்போனில் படம் சேர்ந்துகொண்டே இருக்கிறது, கன்னம் தெரிகிறது. இன்னும் ஒரு வாக்கியம் எழுதினால் முகம் வந்துவிடும். நான் எழுத மாட்டேன். அக்காவைத் திரையைப் பார்க்கச் சொல்வீர்களா, கீழே ஓடச் சொல்வீர்களா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். "வந்துட்டியாடா?" என்று கூப்பிட்டபடி அம்மா பாதிப் படி இறங்கிவிட்டாள்.