பன்னிரண்டே கால் மான்

டெல்மர் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணின் ஏணியில் தாவி ஏறினான். துப்பாக்கி கீழே கயிற்றில் ஆடியது. மேலே போய்த்தான் இழுக்க வேண்டும். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

இன்னும் இருபதே நிமிடம். மான் வராவிட்டால் சட்டை போச்சு!

விஸ்கான்சின் காட்டில் அவர்கள் வேட்டை முகாமின் சட்டம் அப்படி. மானைக் கோட்டைவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பார்கள். பதினோரு துணிகள் தொங்குகின்றன. டெல்மருடையது மட்டும் இல்லை. சீசனின் கடைசி நாளில், காலைச் சாப்பாட்டின்போது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"நேத்து பௌர்ணமி, மச்சான். மானெல்லாம் ராத்திரி பூரா நிலா வெளிச்சத்துல மேஞ்சுட்டு, விடிஞ்சதும் படுத்துடும். உச்சிவேளையிலதான் எழுந்து நடக்கும். வேட்டைக்காரங்க நிலாப் பட்டியல்ல நேரமே போட்டிருக்கு பாரு, பன்னெண்டே கால்!"

மனைவி ஆர்டிஸின் அண்ணன் வெண்டல், மூன்றாவது கிண்ணம் பீன்ஸை வழித்தபடி சிரித்தான். "ஏன் மாப்ள, மான் வாட்ச் கட்டியிருக்கா? அந்த நேரத்துக்கு வந்தா என் சட்டையை வெட்டு. வரலைன்னா உன்னுது."

"அது நான் கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தது," என்றாள் ஆர்டிஸ். "அதுல கத்தரி பட்டுச்சு, நீ டிரக்லதான் படுக்கணும்."

பன்னிரண்டு பத்து. ஒரு அணில்.

பன்னிரண்டு பதினான்கு. அதே அணில்.

படார்! சதுப்புப் புதருக்குள் கிளை முறிந்தது. கொம்பு எட்டாகக் கிளைத்த ஆண்மான் ஒன்று பாய்ந்து வந்தது. வெட்டவெளியில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது.

டுமீல்!

"நிலா, மச்சான், நிலா!" முகாமில் டெல்மர் பட்டியலை மேஜையில் அறைந்தான். ஆர்டிஸ் கத்தரிக்கோலோடு எழுந்தாள். வெண்டலோ ஆரஞ்சு வேட்டைக் கோட்டைக் கழற்றாமல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"குளிருது."

"அடுப்புப் பக்கத்துல நின்னுகிட்டா? திரும்புண்ணா!"

பிடித்துத் திருப்பிக் கோட்டைத் தூக்கினாள். சட்டையின் பின்பக்கத்தைக் காணோம். கத்தியால் கோணல்மாணலாக அறுத்த விளிம்புதான் மிச்சம்.

"யாருண்ணா வெட்டினது?"

"நான்தான்." வெண்டல் தரையைப் பார்த்தான். "பீன்ஸ் வேலையைக் காட்டிடுச்சு. சதுப்புக்குள்ள ஓடினேன். துடைக்கக் காகிதம் எடுத்துட்டுப் போகலை."

"எப்போ?"

"பன்னெண்டே கால் இருக்கும்." பெருமூச்சு விட்டான். "நான் போய் உக்கார்ற வரைக்கும் அந்த மான் அங்கதான் நிம்மதியாத் தூங்கிட்டிருந்துச்சு."